வள்ளத்துக்குள் ஊற்றிய மிதப்பு

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. வளைகுடாவில் குளிர்பதனக் கிடங்குகளின் சுவருக்கு நுரை அடிக்கும் கம்பெனியில் நான் 'ஃபோம் டெக்னீஷியன்' என்று எங்கள் ஊர் பாறசாலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அங்கே எனக்கு இரண்டே வேலைகள். நுரை அடிப்பதற்கு முன் தரையில் பழைய காகிதம் விரிப்பது. அடித்த நுரை இறுகிய பிறகு சுவரில் பிதுங்கி நிற்பதை ரம்ப வாளால் அறுத்து எடுப்பது. நடுவில் நடக்கும் காரியம், அதாவது இரண்டு திரவங்களை அளந்து கலந்து பீச்சுவது, ஒரு இயந்திரத்தின் பொறுப்பு. அந்த இயந்திரம் ஒரு பிலிப்பைன்ஸ்காரரின் பொறுப்பு. கல்யாண வீட்டில் இலை போட்டு இலை எடுக்கிறவன் தன்னைச் சமையற்காரன் என்று சொல்லிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் நான் டெக்னீஷியன்.

அங்கே சண்டை வந்து எல்லோரையும் ஊருக்கு அனுப்பியபோது ஒரு டேப் ரிக்கார்டரும் இந்தப் பொய்யும் என்னோடு வந்தன. டேப் ரிக்கார்டர் சீக்கிரமே கெட்டுப்போனது. பொய் நன்றாக ஓடியது.

கொச்சியில் ஐஸ் பெட்டி செய்கிறவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். இரண்டு கேன்கள். ஒன்றில் இருப்பது தேன் நிறம், மற்றதில் இருப்பது கருப்பட்டிப் பாகு நிறம். இரண்டையும் சேர்த்துக் கிண்டினால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்கும்போது மெல்ல வெளுத்து, ஊதி, பாத்திரத்தை விட்டு எழும்பி வரும். தொட்டால் சூடு. கொஞ்ச நேரத்தில் மரக்கட்டைபோல இறுகிவிடும், ஆனால் தூக்கினால் கனமே இருக்காது. பாலியூரித்தேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஊரில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. 'பத' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சோப்பு நுரைக்கும் அதே பெயர்தான்.

முதல் பரிசோதனை என் வீட்டில். சமையலறைக் கதவின் நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரிசல், அதன் வழியாக எலி வரும். அதற்குள் பதையை ஊற்றினேன். அது விரிசலை அடைத்ததோடு நிற்காமல் நிலையையும் நெருக்கி வளைத்துவிட்டது. எலி வருவது நின்றது. கதவு சாத்துவதும் நின்றது. அடுத்த வாரம் முதல் அந்த வழியாக நாய் வந்தது. முன்வாசல் பெஞ்சுக்குப் பளபளவென்று, அதே பாலியூரித்தேன் வகையில், பி.யு. வார்னிஷ் அடித்தேன். காய்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அவருடைய லுங்கியில் ஒரு பங்கு பெஞ்சோடு தங்கிவிட்டது. என் மீசையில் ஒட்டிய பதை எதற்கும் போகாததால் மீசையையே எடுக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்குப் பிறகும் எனக்கு வெட்கம் வரவில்லை, மதிப்புத்தான் கூடியது. ஓட்டுக்கூரையில் ஒழுகல் என்றால் ஆள் அனுப்புவார்கள், தண்ணீர்த் தொட்டியில் கசிவு என்றாலும் ஆள் அனுப்புவார்கள். நானும் டெக்னீஷியன் நடையில் போவேன்.

ஐ.டி.ஐ.யில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஃபிட்டர் படித்தவன் ஒருவன் பொழியூரில் இருந்தான். படிப்பை முடித்த கையோடு கடலுக்குத் திரும்பிவிட்டான். அலை முறித்து வள்ளம் இறக்குவதில் அந்தக் கரையில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. மழைக்காலத்தில் கரையோரத்து அலை சுவர்போல எழும்பி நிற்கும்போது மற்ற வள்ளங்கள் இறங்காமல் காத்திருக்கும். இரண்டு அலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியை அவன் பார்ப்பான், வள்ளத்தைத் தள்ளச் சொல்வான், எஞ்சினைத் திருகுவான், அந்தப் பக்கம் போய்விடுவான். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். படித்த காலத்தில் அரத்தைப் பிடித்தால் அவன் கை ஒரே சீராகப் போகும். என்னுடைய இரும்புத் துண்டையும் அவனேதான் ராவிக் கொடுப்பான்.

அவனுடையது பிளைவுட் வள்ளம். முன்னால் ஒன்று, இருக்கைகளுக்கு அடியில் ஒவ்வொன்று என்று மூடிய பெட்டிகள் அதில் உண்டு. உள்ளே வெறும் காற்று. வள்ளம் கவிழ்ந்தாலும் முங்காமல் இருப்பதற்கு. "பெட்டியில ஒரு ஓட்டை விழுந்துதுன்னா என்ன செய்ய?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். டெக்னீஷியன் சும்மா இருப்பானா? உள்ளே பதையை நிறைத்துவிட்டால் வள்ளம் இரண்டாக உடைந்தாலும் இரண்டு துண்டும் மிதக்கும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி கதவு சாத்தாத சமையலறையில் நாயைத் துரத்திக்கொண்டிருந்தாள். "வள்ளத்துக்கு வேணுமெங்கி மிதப்பு குடுங்க. ஒங்களுக்கு ஏற்கெனவே உண்டு" என்றாள்.

கேன்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என்ன சாமான் என்று கண்டக்டர் கேட்டார். தேன் நிறக் கேனைக் காட்டி, "மார்த்தாண்டம் தேனாக்கும்" என்றேன். பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "மக்கா, மகளுக்க பிள்ளைக்கு இருமல் விட மாட்டேங்குது. ஒரு சொட்டு தாறியா?"

"இது வள்ளத்துக்கு உள்ள தேனு, அம்மச்சி."

"வள்ளத்துக்கும் இருமலா மக்கா?"

பஸ்ஸே சிரித்தது. பொழியூர் போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு எனக்குள் இருந்தது. ஆட்கள் சிரித்துவிட்டால் காரியம் பாதி முடிந்த மாதிரி என்று நினைக்கிற ஆள் நான்.

அன்று காலை லேசான தூறல். இந்தச் சரக்குக்கு ஈரம் ஆகாது என்று அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நண்பனும் கூட வேலை செய்கிறவர்களும் கடற்கரையில் காத்துக்கொண்டு நிற்கும்போது, மழை விடட்டும் என்று சொல்வது டெக்னீஷியனுக்குக் குறைச்சல் இல்லையா? தலைக்குமேல் ஒரு தார்ப்பாயைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பெட்டிகளின் மேல்பலகையில் ஓட்டை போட்டு, கண்ணளவில் கலந்து ஊற்றினேன். தராசு கொண்டுபோகவில்லை. ஓட்டை வழியாகப் பதை எழும்பி வழிந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். "லே, வடிக்க மறந்த கஞ்சிப் பானை மாதிரியில்லா பொங்குது!" என்றான் நண்பன். பிதுங்கியதை வாளால் அறுத்தேன். அந்த ஒரு வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தேன் என்று இன்றும் சொல்வேன். பிறகு ஓட்டைகளை மரத்துண்டு வைத்து அடைத்து, வள்ளம் முழுக்க நீல நிறத்தில் பி.யு. பெயின்ட் அடித்தோம். காய்ந்ததும் அதில் முகம் தெரிந்தது. அவன் குனிந்து, வள்ளத்தில் முகம் பார்த்துத் தலை சீவினான். என் கையில் ஒரு நெய்மீனைக் கொடுத்து அனுப்பினான்.

ஒரு மழைக்காலம் போயிற்று. அடுத்ததும் வந்தது. அந்தக் கரையின் சாயாக்கடையில் நானும் நாலைந்து பேரும் பரோட்டாவோடு இருந்தபோது அவன் வந்தான். அவனோடு வள்ளத்தில் போகிறவர்களும் கூட இருந்தார்கள். அவன் நேராக என்னிடம் வந்தான்.

"எலே, வள்ளம் கனக்குது. அலைக்கு முன்ன ஏற மாட்டேங்குது. ஒனக்க பதைக்குள்ள தண்ணி கேறியிருக்குமோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூறல், தராசு இல்லாமல் கலந்தது, மரத்துண்டு வைத்து அடைத்த ஓட்டைகள், எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தன. ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் அரைநாள் வேலை. ஆனால் நான் வாயைத் திறந்தால் முதலில் வருவது தமாஷ்தான்.

"பத தண்ணி குடிக்காது மக்கா. குடிக்குதது நீயாக்கும். வள்ளம் ஒண்ணும் கனக்கல்ல, ஒனக்க கை தளந்துபோச்சு."

சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திச் சிரித்தார். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் கையை ஒருமுறை பார்த்தான். அதை நான் கண்டேன். கண்டும் சாயாவைக் குடித்தேன்.

நான் சொன்னவற்றில் ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். அவன் வள்ளம் மீன் ஏலத்துக்குப் பிந்தி வந்தால், கை தளந்துபோச்சு. அலைக்கு இந்தப் பக்கமே தயங்கி நின்றால், கை தளந்துபோச்சு. ஒரு காலையில் அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்தது. ஆட்கள் எல்லோரும் நீந்தி வந்தார்கள், வலை போய்விட்டது. வள்ளம் முங்கவில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவனோடு போகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு வள்ளங்களுக்கு மாறினார்கள். கை தளர்ந்தவனை நம்பி யார் அலைக்குள் போவார்கள்?

ஒருநாள் என் வீடு தேடி வந்தான். படிப்பு முடிந்த பிறகு கடலை விட்டு இவ்வளவு தூரம் அவன் வந்ததே இல்லை. பளபளத்த அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வலது கையை நீட்டினான்.

"மெய்யாத்தான் கேக்கேன். நீ படிச்ச காலத்திலேர்ந்து பாத்தவன். எனக்க கை போச்சா?"

அவன் வேறு யாரிடமும் இதைக் கேட்டிருக்க மாட்டான். நான் அந்தக் கையைப் பிடித்து, நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடி, "ரெண்டு நாட்டுக்கோழி முட்டை, ஒரு பெக் பிராந்தி. காலையில சரியாவும்" என்றேன். மீன்கூடை சுமப்பதுபோல ஒரு சிரிப்பைச் சுமந்துகொண்டு எழுந்து போனான். கொஞ்ச காலத்தில் எஞ்சினை விற்றான். வள்ளத்தை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டான்.

உண்மை எனக்குத் தெரியவந்தது பேராசையால். எங்கள் படுக்கையறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மேட மாத வெயிலில் உள்ளே படுத்தால் அப்பளம்போலப் பொரிந்துவிடுவோம். கூரைக்கு அடியில் பதைப் பலகை வைத்தால் சூடு இறங்காது. புதுச் சரக்குக்கு எதற்குச் செலவு, அந்த வள்ளத்துக்குள் என்னுடைய பதை சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றியது. ஆள் அனுப்பிக் கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் வரவில்லை. நான் மட்டும் வாளோடு போனேன்.

வெளியே நீலப் பெயின்ட் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. பெட்டியின் பலகையை நெம்பினேன். பலகை ரொட்டிபோலப் பிய்ந்து வந்தது. உள்ளே பதை பழுப்பேறிக் கிடந்தது. ஒரு துண்டை அறுத்துத் தூக்கப் போனேன், தூக்க முடியவில்லை. கனமே இல்லாத சாமான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அதைத்தான் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்து மணலில் போட்டு ஏறி மிதித்தேன். தண்ணீர் வந்தது. நாற்றமடிக்கும் பழைய கடல்நீர், மிதிக்க மிதிக்க வந்துகொண்டே இருந்தது. அடுத்த பெட்டியிலும் அதேதான். நான் அடைத்த ஓட்டைகள் வழியாக உள்ளே போன தண்ணீருக்கு, நான் அடித்த பெயின்ட் வெளியே வர வழி விடவில்லை. ஒவ்வொரு நாளும் தன் ஆட்களோடு, வலையோடு, ஒரு பெரிய தொட்டித் தண்ணீரையும் சேர்த்து அலைக்குமேல் ஏற்றியிருக்கிறான் அவன். அந்தக் கையைத்தான் தளர்ந்துபோனதாக நான் சொன்னேன்.

வெறுங்கையோடு வீடு திரும்பினேன். கூரைக்குப் பதை எங்கே என்று மனைவி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒரு தமாஷும் சேர்க்காமல் நான் சொன்ன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அவள் என்னைத் திட்டவில்லை.

"அவருட்ட சொல்லியாச்சா?"

இல்லை என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். சொல்லாமலே கொஞ்ச நாள் ஓட்டினேன். கூரைச் சூட்டில் படுத்துக்கொண்டு, எப்படிச் சொன்னால் அவன் சிரிப்பான் என்று யோசித்தேன். அந்த யோசனைதான் தப்பு என்று புரிய எனக்கு அத்தனை நாள் ஆயிற்று.

அவனைத் தேடிப் பொழியூர் போனபோது கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்றபடி இரண்டு வரிசையாகக் கயிறு பிடித்து இழுக்கிற வேலை. கடலுக்குப் போக முடியாதவர்களும் யாரும் வள்ளத்தில் சேர்த்துக்கொள்ளாதவர்களும் அந்த வரிசையில்தான் நிற்பார்கள். அவனும் நின்றான், கடலைப் பார்த்தபடி. அவன் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். ஈரக்கயிறு உள்ளங்கையை உரித்தது. அவன் இழுக்கும்போது கயிறு என் கையில் அதிர்ந்தது. ஒரே சீரான இழுப்பு. அரம் பிடித்த அதே கை.

அவன் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். "பெட்டிக்குள்ள ஒக்கத் தண்ணி மக்கா. ஒனக்க கைக்கு ஒரு கொறவும் இல்ல. எனக்க பததான் ஒன்ன முக்கிச்சு. அண்ணைக்கு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் தமாஷ் சொன்னேன்."

வரிசை ஒரு அடி பின்னால் நகர்ந்தது. அவன் கயிற்றை விடவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

"அண்ணைக்குச் சொன்ன சாயாக்கடையில வந்து சொல்லு."