உள்ளே ஒரு சீல், வெளியே ஒரு சீல்

கசிவை முதலில் பார்த்தவர் மதகுக்குக் கீழே தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர். காலையில் ஏரிக்கரை மேல் நின்றுகொண்டு என் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏஞ் சாமி, தண்ணி மேல கலர் கலரா எண்ணெ மெதக்குது. இந்தத் தண்ணிதான் எங்க தோப்புக்குப் பாயுது. இன்னொருக்கா பாத்தோம்னா படகு எஞ்சினைக் கழட்டி வெச்சுப்போட்டுத் துடுப்புப் போடுன்னு சொல்லிப்போடுவோம். அப்பறம் எம் மேல வருத்தப்படாதே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே உள்ள அந்த ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகையை என் மனைவி எடுத்திருந்தாள். தண்ணீரில் எண்ணெய் விழக்கூடாது என்று பாசனக்காரர்கள் முதலிலேயே சொல்லித்தான் விட்டிருந்தார்கள். அடுத்த வாரம் பெரிய வலை இழுப்பதாக இருந்தது. அவ்வளவு நீள வலையை ஏரியின் குறுக்கே துடுப்புப் போட்டு இழுத்துச் செல்ல முடியாது. எஞ்சின் போனால் அந்த வருடத்து மீன் ஏரியிலேயே கிடக்கும்.

எஞ்சினின் கியரைப் பழுது பார்த்தவன் நான். சேலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திவிட்டு, வேலையை விட்டுவிட்டு மனைவியின் ஊரோடு வந்து சேர்ந்திருந்தேன். எங்கள் பக்கம் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் தெருவுக்கு ஒரு மெக்கானிக் கிடைப்பார். படகு எஞ்சினுக்குக் கிடைக்கமாட்டார். அதனால் கையேட்டை அச்செடுத்து வைத்துக்கொண்டு, கடற்கரை ஊரிலிருந்து பாகங்களை வரவழைத்து, பல் உடைந்திருந்த கியரை நானே மாற்றினேன். ஆறு நாள் ஆயிற்று. ஓட்டிப் பார்த்த மனைவி, "பரவாயில்லீங்களே" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான்கே நாளில் பெரியவர் கரை மேல் வந்து நின்றார்.

அன்று மதியம் அவள் சொன்னாள், "எங்கூடப் படிச்சவன் ஒருத்தன் திருச்செங்கோட்டுல ரிக் வண்டிக்குக் கியர் பாக்கறானுங்க. வரச் சொல்லியிருக்கறேன்."

"படகுக்கும் ரிக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"கியர்னா கியர்தானுங்களே."

அவன் நாலு மணிக்கு ஒரு பழைய மொபெட்டில் வந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் ஒரு டார்ச், ஒரு ஷாம்பு பாக்கெட். வண்டியின் முன்னால் சைக்கிள் பம்பு. இவ்வளவுதான் என்று முதலில் நினைத்தேன். என்னைப் பார்த்து, "வணக்கமுங்ணா" என்றான். அவளைப் பார்த்து, "என்ன புள்ள, ஏரியையே வாங்கிப்போட்டயாமா?" என்றான்.

"வாங்கறாங்க. வந்த வேலையைப் பாருடா" என்றாள் அவள்.

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் யாரையும் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டேன். சிரிப்பை அடக்கும்போது அவளுடைய கீழுதடு இடப்பக்கம் இழுத்துக்கொள்ளும். எனக்காக அது கடைசியாக எப்போது இழுத்துக்கொண்டது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

படகு எஞ்சினில் கியர்ப் பெட்டி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அதற்குள் ஆயில் நிற்கும். பெட்டியிலிருந்து பின்பக்கம் நீளும் ஷாப்டின் முனையில்தான் தண்ணீரைத் தள்ளும் விசிறி இருக்கிறது. ஷாப்ட் வெளியே வரும் இடத்தில் கசியாமல் தடுக்கும் இரண்டு ரப்பர் வளையங்கள், சீல்கள், அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். அவன் ஆயிலை வடித்துவிட்டு, அடியில் இருந்த திருகு ஓட்டையில் பம்பின் குழாயைப் பொருத்திக் காற்றடித்தான். ஷாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் நுரைக்க வைத்துப் பெட்டி முழுவதும் தடவினான். ஷாப்டைச் சுற்றி மட்டும் குமிழிகள் கிளம்பின.

"சீலு புதுசுதான். போன வாரம்தான் மாட்டினேன்" என்றேன்.

"சீலு நல்லாத்தானுங் இருக்குது." ஷாப்டைக் கழற்றித் துடைத்து என்னிடம் நீட்டினான். "நகத்தை வெச்சு இப்புடியே தடவிப் பாருங்ணா. மாட்டுதுங்களா?"

மாட்டியது. பழைய சீல் வருடக்கணக்கில் உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தைப் போட்டிருந்தது. என் புதுச் சீல் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்திருந்தது. கையேட்டில் இருந்த எல்லா அளவுகளையும் நான் சரிபார்த்திருந்தேன். விரல் நகத்தை வைத்துப் பார்க்கவில்லை.

"அரை நூலு தள்ளி உக்கார வெச்சாப் போதுமுங். புது எடத்துல பிடிச்சுக்கும்" என்றான். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதே அளவுச் சீல்கள் திருச்செங்கோட்டு லாரிக் கடையிலேயே கிடைத்திருந்தன. போனில் அவளிடம் அளவு கேட்டு வாங்கி வந்திருந்தான். கையேடு என்னிடம் இருந்தது. அவள் அளவை, நான் கழற்றிப் போட்டிருந்த பழைய சீலின் மேலேயே படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"இதைத்தான் இவரு ஆறு நாளு பாத்தாரு" என்றாள்.

"அட, அண்ணன் செஞ்சது சுத்தமான வேலை புள்ள. கியரு பல்லு எப்புடி உக்காந்திருக்குது பாரு." அவன் என்னைப் பாராட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. பாராட்டும் இடத்தில் அவன் இருந்தது அதைவிடப் பிடிக்கவில்லை.

பிறகு அவன் சீல்களைப் பொருத்தினான். நான் ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். முதல் சீலின் விளிம்பை உள்பக்கம் பார்க்க வைத்தான். அது சரி, ஆயிலை உள்ளே நிறுத்துவது அது. இரண்டாவதையும் உள்பக்கம் பார்க்க வைத்தான். லாரியில் அப்படித்தான் வைப்பார்கள். லாரியின் கியர்ப் பெட்டிக்கு வெளியே வெறும் காற்று. படகில் வெளியே இருப்பது தண்ணீர். இரண்டாவது சீல் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். நான் அதைச் சரியாக வைத்திருந்தேன்.

ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சீலை மரக்கட்டையால் தட்டி உள்ளே இறக்குவதற்குள் அவன் இரண்டு முறை நிறுத்தி அவளோடு பேசினான். பள்ளியில் யாரோ ஒரு வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்ட கதை. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

படகு ஓடியது. தண்ணீரில் எண்ணெய் இல்லை. பெரியவர் கரையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு நாள் அவள் தினமும் மீனுக்குத் தீனி போட அதே படகில் போய்வந்தாள். சாப்பிடும்போது அவன் பேச்சு வந்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவள் சந்தைக்குப் போயிருந்தபோது அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு கரண்டியில் பிடித்தேன். தேன் நிறத்தில் வரவேண்டிய ஆயில், பால் கூடிப்போன டீயைப்போல வந்தது. தண்ணீர் உள்ளே புகுந்திருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுவதென்றால், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இன்னும் சில நாள் அப்படியே ஓடினால் பல் சக்கரங்களும் பேரிங்கும் துருப்பிடிக்கும், வலை இழுக்கும் நாளில் எஞ்சின் நின்றுபோகும் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

அவள் வந்ததும் கரண்டியைக் காட்டினேன், அப்போதுதான் கண்டுபிடித்தவனைப்போல. அவள் போனை எடுத்தாள்.

அவன் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டான். கழற்றிப் பார்த்தவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "தண்ணி எப்புடிப் போச்சு? ஆயிலு வெளிய வரலியே... ஏனுங்ணா, அந்தப் புஸ்தகத்துல படம் இருக்குமுங்களா?"

கையேட்டை எடுத்து வந்து, அவன் கேட்ட பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்து அவள் அதை வாங்கினாள். சீல்கள் இருந்த பக்கத்தை அவளே திருப்பினாள். படத்தில் இரண்டு சீல்களையும் நான் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தேன். பக்கத்தில் அம்புக்குறி போட்டு, 'ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. மாறினால் தண்ணீர் புகும்' என்று என் கையெழுத்தில் இருந்தது.

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். "இது எப்பங்க எழுதுனது?"

"நான் கியர் மாத்தினப்ப."

அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். "அன்னிக்கே அண்ணன் சொல்லியிருப்பாரு புள்ள. நாந்தான் பேச்சு மும்முரத்துல காதுல வாங்கியிருக்கமாட்டேன்" என்றான்.

அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டியிருக்கலாம். அவன் தந்ததை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. கழற்றிய சீலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அவரு சொல்லலடா" என்றாள் அவள். "நான் இங்கதான நின்னுட்டிருந்தேன்." என் பக்கம் திரும்பவே இல்லை. "ஏனுங்க, நீங்களே மாட்டுங்க. எப்புடின்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

நானே மாட்டினேன். அவன் டார்ச் பிடித்தான். அரை நூல் எவ்வளவு என்று அவன் கட்டைவிரல் நகத்தால் காட்டிய இடத்தில் முதல் சீலை உள்நோக்கி இறக்கினேன், அடுத்ததை வெளிநோக்கி. என் நெற்றி வியர்வை ஷாப்டின் மேல் சொட்டியது. அவன் தன் துண்டால் அதைத் துடைத்தான். காற்றடித்து நுரை தடவிப் பார்த்தோம். ஒரு குமிழியும் வரவில்லை. புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்றினேன், மேல் ஓட்டையில் வழியும் வரை.

"நல்லாருக்குதுங்ணா" என்றான்.

ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்க, ஒருவர் கரையில் நின்று தண்ணீரைப் பார்க்க. யார் எதற்கு என்று அவள் சொன்ன விதம், வீட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் சாதாரணக் குரலில்தான் இருந்தது.

"ஏறுடா" என்றாள் அவனிடம். என்னிடம், "நீங்க மேக்காலக் கரையில நின்னு எண்ணெ தெரியுதான்னு பாருங்க" என்றாள்.

படகு நடு ஏரிக்குப் போய் ஒரு வட்டம் அடித்தது. அவன் எஞ்சின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். அவள் தலையை அசைத்தாள். சிரித்தாளா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. இரண்டாவது வட்டத்தில் அவள் முகம் என் பக்கம் திரும்பியபோது கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. மூன்றாவது வட்டம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு அவள் கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"எண்ணெ தெரியுதுங்களா?"

"இல்லை" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் தண்ணீரைப் பார்த்தேன். எண்ணெய் இல்லை.