அக்காவின் வகுப்பில் நான்

பிளஸ் டூ படித்த வருஷம் நான் தினமும் இரண்டு இடத்தில் படித்தேன். காலையில் பல்லாவரத்தில் என் பள்ளிக்கூடம். மத்தியானம் தாம்பரத்தைத் தாண்டி ஒரு பெண்கள் கல்லூரியில் முதல் வருஷ பி.எஸ்ஸி. மேத்ஸ். பள்ளிக்கூடம் எனக்காக. கல்லூரி என் அக்காவுக்காக.

எண்பதுகளின் கடைசி அது. அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை, அம்மா ஒரு ஆரம்பப் பள்ளியில் ஆயா. அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்தில் ஒன்றரை அறை வீடு. அந்த வீட்டின் சுவரில் அக்கா தன் கல்லூரி டைம் டேபிளை ஒட்டி வைத்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

செப்டம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் மணிக்கட்டு வீங்கியது. மழையில் நனைந்ததால்தான் என்று அம்மா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் படி ஏற முடியாமல் ரயில்வே மேம்பாலத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வாதக் காய்ச்சல், இதயத்தின் வால்வைத் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

"எத்தினி மாசம் சார்?" என்று அப்பா கேட்டார்.

"படிப்பு, காலேஜ் எல்லாம் இப்ப நினைக்காதீங்க. உயிரோட இருக்கட்டும் முதல்ல."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நோட்ஸ் மட்டும் கிடைச்சா போதும்டி. நான் படுத்தபடியே படிச்சுடுவேன்."

எங்கள் பள்ளியில் இடம் போதாமல் இரண்டு ஷிஃப்ட் வைத்திருந்தார்கள். எனக்குக் காலை ஷிஃப்ட், பன்னிரண்டரைக்கு மணி அடித்துவிடும். அக்கா படித்ததோ கல்லூரியின் மாலைப் பிரிவு, ஒன்றரைக்கு ஆரம்பம். முதலில் அவள் தோழிகளிடம் நோட்டு வாங்கி வரத்தான் போனேன். ஒருத்தி எழுதியிருக்க மாட்டாள், இன்னொருத்தி பாதியில் நிறுத்தியிருப்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், பாவாடை தாவணி யூனிபார்மோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானே எழுத ஆரம்பித்தேன். கணக்கு மேடம் பார்த்துவிட்டார். முப்பது வயதிருக்கும். கண்டிப்பானவர் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

வகுப்பு முடிந்து கூப்பிட்டு விசாரித்தார். நான் அழுதுகொண்டே சொன்னேன்.

"சரி. வந்து எழுதிக்கோ. ஆனா அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப நீ வாயைத் திறக்கக் கூடாது. அவளுக்கு ஆப்சென்ட்தான் போடுவேன். புரியுதா?"

"புரியுது மேடம்."

உண்மையில் எனக்கு எதுவும் புரியவில்லை. வகுப்பில் உட்கார விட்டாரே என்ற சந்தோஷம்தான் இருந்தது. தினமும் அக்காவின் எண் வரும்போது மேடம் ஒரு நொடி நிறுத்துவார். நான் குனிந்துகொள்வேன். அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்.

நான் தமிழ் மீடியம். அங்கே எல்லாம் இங்கிலீஷ். போர்டில் இருப்பதை எழுத்தாக இல்லை, படமாகத்தான் வரைந்து வந்தேன். சாயங்காலம் அக்கா அந்த நோட்டை மார்பின் மேல் நிறுத்தி வைத்துப் பார்ப்பாள்.

"இது இன்னா கோழிக் கிறுக்கல்?" என்று சிரிப்பாள். அம்மா பேசுவதுபோல் வேண்டுமென்றே பேசுவாள்.

"போர்டுல அப்படித்தான் இருந்துச்சு."

"இருக்காது. இங்க ஒரு வரி விட்டுட்டே. மேடம் என்ன சொன்னாங்க, யோசி."

நான் யோசித்து, மேடம் கையை எப்படி ஆட்டினார் என்றுகூடச் சொல்வேன். அதை வைத்தே விட்டுப்போன வரியைக் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததும் அவள் முகத்தில் ரத்தம் ஏறுவது தெரியும். தீபாவளிக்குள் எழுந்து உட்கார்ந்தாள். டிசம்பரில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தாள். "நோட்டுதான் அவளுக்கு மருந்து. ஊசி எல்லாம் சும்மா," என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதை நம்பினேன்.

ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள், மெடிக்கல் சர்டிபிகேட்டைக் கொடுக்கச் சொல்லி அப்பா என்னிடம் தந்தார். கல்லூரி ஆபீஸில் ஒரு கிளார்க் ரிஜிஸ்டரைத் திறந்து, பேனாவால் கட்டம் கட்டமாக எண்ணினார்.

"கொஞ்ச நாள் குறைஞ்சா இதைக் கொடுத்து, ஃபைன் கட்டி பரீட்சை எழுதலாம்மா. இது பாதிகூட வராது. இனிமே தினம் வந்தாக்கூட கஷ்டம்தான். இந்த வருஷத்தைத் திரும்பத்தான் படிக்கணும்."

"அவ எல்லாம் படிச்சுட்டா சார். என்னைவிட நல்லா..."

"படிச்சது யாருக்குத் தெரியும்? வந்தாளா, வரலையா, அதுதான் இங்க. வீட்டுல சொல்லிடு."

சர்டிபிகேட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அன்றும் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் எழுத ஓடவில்லை. ரயிலில் தாம்பரம் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், பிறகு பல்லாவரம், பிறகு பஸ். வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன்."

"வாங்கிக்கிட்டாங்களா?"

"உம்."

இவ்வளவுதான் நான் சொன்னது. இந்த இரண்டு சொற்களை எத்தனையோ விதமாக நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். அவள் உடம்புக்காக என்று. டாக்டர் சொன்னதற்காக என்று. சொன்னால் மறுபடியும் விழுந்துவிடுவாள் என்று பயந்தேன், அது பொய்யில்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. அந்தச் சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருந்தன. படத்தை வரைந்து வந்த எனக்கு, அதற்குள் கணக்கு புரிய ஆரம்பித்திருந்தது. சொல்லிவிட்டால் கல்லூரிக்குப் போவது நின்றுபோகும்.

பிப்ரவரியும் மார்ச்சும் அப்படியே போயின. என் பிளஸ் டூ பரீட்சையை எழுதி முடித்தேன். ஏப்ரலில் ஹால் டிக்கெட் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானே போகிறேன் என்று அக்கா கிளம்பிவிட்டாள். நான் வாங்கி வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஏன்டி, ஏழு மாசமாச்சு. என் காலேஜை நான் பார்க்க வேணாமா?"

பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள். உடம்பு இளைத்ததில் ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. மேம்பாலத்தில் நான்கு படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறினாள். ஆபீஸ் ஜன்னலில் அதே கிளார்க். அவள் பெயர் பட்டியலில் இல்லை. அக்கா சர்டிபிகேட் கொடுத்ததைப் பற்றிச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுகிட்ட ஜனவரியிலேயே சொல்லி அனுப்பினேனேம்மா. சொல்லலையா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "சரி சார்," என்றாள். படியிறங்கி, கேட்டைத் தாண்டி, ஸ்டேஷன் வரை நடந்தாள். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பல்லாவரத்தில் இறங்கிய பிறகுதான், கூட்டம் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தபோது, பேசினாள்.

"தெரிஞ்சிருந்தா நான் ஜனவரிலேயே எழுந்து வந்திருப்பேன்டி."

"டாக்டர் நடக்கக் கூடாதுன்னு..."

"தவழ்ந்தாவது வந்திருப்பேன். வந்து, முடியலைன்னா முடியலைன்னு ஆகியிருக்கும். அதை நான்ல பார்த்திருக்கணும்? நீ யாரு?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த ஏழு மாதத்தில், ஊசி போடும்போதுகூட, அவள் அழுது நான் பார்த்ததில்லை.

மறு வருஷம் திரும்பச் சேர்ந்துகொள் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். ஜூனில் என் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கணக்கில் நல்ல மார்க். அந்தக் கல்லூரியில் அதே பாடத்துக்கு எனக்கும் இடம் கிடைத்தது. அக்கா திரும்பச் சேர்ந்தால் இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

"இன்னா இப்போ? ரெண்டு பேரும் ஜோடியா போய்ட்டு வாங்களேன்," என்றாள் அம்மா.

"நீங்க அவளைப் படிக்க வைங்க. என்னால முடியாது," என்றாள் அக்கா. உடம்பு முடியாது என்று அப்பா எடுத்துக்கொண்டார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நான் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் நாள் வகுப்பில் கணக்கு மேடம் என் பெயரைக் கூப்பிட்டார். பழக்கத்தில் நான் குனிந்துகொண்டேன், இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் "எஸ் மேடம்" என்றேன். அந்த வருஷம் மேடம் போர்டில் எழுதிய ஒவ்வொரு கணக்கின் அடுத்த வரியும் எனக்குத் தெரிந்திருந்தது. முதல் வருஷப் பரீட்சையில் வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான். எல்லோரும் பாராட்டினார்கள். அது யாருடைய மார்க் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். மார்க் ஷீட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொரு பேப்பராகப் பார்த்து, "பரவாயில்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு என் நோட்டை அவள் தொடவில்லை. இரண்டாம் வருஷத்தில் ஒரு கணக்கு புரியாமல் நான் வேண்டுமென்றே அவள் எதிரில் வைத்துக்கொண்டு திணறினேன். "எனக்கு முதல் வருஷம்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அதில் கோபம்கூட இல்லை.

தொண்ணூறுகளில் அவளுக்கு ஊரப்பாக்கத்தில் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர். வால்வைப் பற்றி முன்கூட்டியே சொல்லித்தான் கட்டிக்கொடுத்தோம். நான் வேலைக்குப் போனேன், கணக்கு டீச்சராக. வாரம் ஒரு தடவை அவளைப் பார்க்கப் போவேன். மீன் குழம்பு வைத்துக்கொடுப்பாள். மாமியாரைப் பற்றி, தண்ணீர் லாரியைப் பற்றி, அப்பாவின் இருமலைப் பற்றி எல்லாம் பேசுவோம். ஒரே ஒரு முறை, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்க்கா," என்றேன்.

அவள் குழாயை மூடவில்லை. "ஆமா, சொல்லியிருக்கணும்," என்றாள். ஒரு தட்டைக் கழுவி என் கையில் கொடுத்தாள். நான் அதைத் துடைத்து வைத்தேன்.