சிவப்பு மூடி ஊசி

சுரண்டையில் என் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் தாலுகா ஆபீஸ். சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை நகராது. பழைய அட்டையைக் காட்டுங்கள், வயதைச் சொல்லுங்கள், வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று குடைந்தெடுப்பேன். "என்னம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா கேள்வி கேக்க?" என்று ஒரு அண்ணாச்சி கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்கே போய்விட்டார். அதில் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான், வெள்ளம் வடியத் தொடங்கிய வாரத்தில், எங்கள் சபையின் மருத்துவக் குழுவோடு வேனில் ஏறினேன்.

டாக்டரம்மா, ஒரு நர்ஸ், வேன் ஓட்டும் அண்ணாச்சி, மருந்து மேசைக்கு நான். இப்போது நினைத்தால் அந்த நாட்கள் எல்லாமே தண்ணீருக்குள் இருந்து பார்த்தவை மாதிரி தெரிகின்றன. மேகம் மலையின் பாதிவரை இறங்கி, ஏற மனமில்லாமல் அங்கேயே கிடந்தது. சாரல் விழுகிறதா நின்றுவிட்டதா என்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும். சரியான தூக்கம் கிடையாது. குற்றாலத்து அருவியை விட்டு எத்தனை தூரம் வந்தாலும் அதன் இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது பேசினால் அந்த இரைச்சலைக் கடந்துதான் என்னிடம் வந்து சேர்ந்தது.

அன்று காலை தென்காசிக்கு வடக்கே ஒரு நெசவுத் தெரு. பக்கத்துக் குளம் உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. முகாமுக்கு இடம் கொடுத்தது பள்ளிவாசல். வேனுக்குள்ளேயே ஜெபத்தை முடித்துக்கொண்டு இறங்கினோம். பள்ளிவாசல் மண்டபத்தில் எங்களுக்காகப் பாய் விரித்து, சுக்குக் காப்பி போட்டு வைத்திருந்தார்கள். என் மேசைக்கு நேர் எதிரே ஒரு தறிக்கூடம். ஓடு பறந்துபோன கூரை வழியாக வானம் இறங்கி, தறிக்குழியில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது. பாதி நெய்த கைலி ஒன்று தறியிலேயே நனைந்து தொங்கியது. மருந்தை எண்ணிக்கொண்டே அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேகம் குழிக்குள் மெதுவாக நகர்ந்து போனது.

மதியம்போல ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கூட அவள் மகள், ஒன்பது வயது, பச்சைப் பாவாடை. பிள்ளைக்குச் சிறுவயதிலேயே வந்த சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் போட்டாக வேண்டும்.

"மருந்து பத்திரமா இருக்குக்கா. கரண்டு போனதும் பானைத் தண்ணிக்குள்ள கட்டி வச்சுட்டேன். வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தப்ப பானையோட தலையில தூக்கிட்டு ஓடினேன். ஊசிதான் முக்காவாசி சேத்துல போச்சு. இருந்த கடைசி ஊசியும் இன்னைக்குக் காலைல தீந்துட்டு."

"எத்தன யூனிட்டும்மா?"

"பத்து கோடு. அவுக சவுதில இருந்து ஆள் வரும்போதெல்லாம் மருந்து குடுத்து அனுப்புவாக. சாயந்தரம் மஃரிப் தொழுதுட்டு ஊசி போடுதேன், பொறவு பிள்ளைக்குச் சோறு."

நான் தலையாட்டினேன். சிவப்பு மூடி போட்ட ஊசி பத்து எடுத்துக் கொடுத்தேன். பதிவேட்டில் தெருப் பெயரும் 'ஊசி பத்து' என்பதும் எழுதினேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. மேல்பல் ஒன்று விழுந்திருந்தது. மறுபடியும் தறிக்குழியைப் பார்த்தேன். மேகம் போய்விட்டிருந்தது.

பிற்பகலில் ஐந்தருவிக்குப் போனோம். அங்கே சீசன் கடைக்காரர்களுக்குக் காலில் சேற்றுப்புண். ஐந்து கிளையும் ஒன்றாகிவிட்ட அருவி செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் தண்ணீர் நின்றுவிட்டு நாம் மேலே போகிற மாதிரி இருக்கும். புண்ணுக்கு மருந்து வாங்க வந்த கடைக்காரர் ஒருவர் தார்ப்பாயில் தன் சரக்கைக் காய வைத்திருந்தார்: சோப்பு, தைலம், சென்ட் பாட்டில்.

"எல்லாம் வெளிநாட்டுச் சரக்குக்கா. நம்மூரு சரக்குக்கும் இதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது" என்றார்.

காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று நின்றது.

நம்மூர் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். அதற்கான ஊசிக்குத்தான் சிவப்பு மூடி. சவுதியிலிருந்து வருவதில் ஒரு மில்லிக்கு நூறு யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. அந்த மருந்தை இந்த ஊசியில் இழுத்தால், பத்து கோடு என்பது இருபத்தைந்து யூனிட். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது போனால் சர்க்கரை சரசரவென்று இறங்கி, மயக்கமாகி, வலிப்பு வரும். உயிரும் போகலாம். வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பகுதியில் இது தெரியாத மருந்துக்கடை கிடையாது. என் கடையில் பாட்டிலைப் பார்க்காமல் ஊசி கொடுத்ததே இல்லை. அவள் சவுதி என்று வாயால் சொன்னாள். நான் தறிக்குழியில் மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். வார்த்தை குழறியது. அவர் உடனே மருந்து வைக்கும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வண்டிய எடுங்க அண்ணாச்சி" என்றார். மஃரிப் தொழுகைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்தப் பெண்ணின் நம்பர் எங்களிடம் இல்லை. பள்ளிவாசல் தலைவர் நம்பர் இருந்தது, ஆனால் ஐந்தருவியில் சிக்னல் கிடையாது. குற்றாலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் லைன் கிடைத்தது. டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். "மைக்குல சொல்லச் சொல்லுதேன், எந்தத் தெரு..." என்று தலைவர் கேட்கும்போதே அறுந்துபோனது. பிறகு கிடைக்கவே இல்லை.

ரோட்டில் பாதி இடங்களில் தண்ணீர். அண்ணாச்சி இறங்கி, கம்பை ஊன்றிப் பார்த்து, மறுபடி ஏறி ஓட்டினார். நான் ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அந்த விழுந்த பல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே என்று தொடங்கினால் பல் வந்து நின்றது. வெளியே வயல் எது, குளம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளியாகக் கிடந்தது. வேன் அதன்மேல் மிதந்து போகிற மாதிரியும், போகப் போக ஊர் தள்ளிப் போகிற மாதிரியும் இருந்தது.

உடைந்த குளத்தங்கரையில் வண்டி திரும்பியபோது தண்ணீருக்கு மேலாக அந்தக் குரல் வந்தது. பள்ளிவாசல் மைக். தொழுகைக்கு அழைக்கும் மோதினாரின் குரல், ஆனால் பாங்கு இல்லை.

"முகாம்ல சுகர் ஊசி வாங்குன தாய்மாரு, அந்த ஊசியப் போட வேண்டாம். டாக்டரம்மா வந்துட்டு இருக்காக. போட வேண்டாம்."

அதையே மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். என் தப்பை ஊரே கேட்டது. அந்தச் சத்தத்தைப்போல் இனிய ஒன்றை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. ஆனால் அவள் காதில் விழுந்ததா? அதற்குள் பாங்கு தொடங்கிவிட்டது.

தெருமுனையில் வேனை நிறுத்துமுன்பே குதித்தேன். வாசலில் நின்ற பெண்கள் நான் கேட்கும் முன்பே கை காட்டினார்கள். "சுகர் பிள்ள வீடா? அங்கன, நீலக் கதவு."

கதவு திறந்துதான் இருந்தது. பிள்ளை பெஞ்சில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவள் அம்மா. மருந்து இழுத்த ஊசி அவள் விரலிடுக்கில். சிவப்பு மூடி தரையில் கிடந்தது.

"போட்டுட்டியாம்மா?"

"இல்ல. பிள்ள பசிக்குன்னு அழுதா. தொழுகைக்கு முன்னாடியே போட்டிருவோம்னு கோடெல்லாம் எண்ணி இழுத்துட்டேன். அப்பதான் மைக்குல சொன்னாக." ஊசியை என் பக்கம் நீட்டினாள். "என்னக்கா தப்பு? அவுக அனுப்புன மருந்து கெட்டுப்போச்சா?"

"மருந்துல தப்பில்ல. ஊசி தப்பு. தப்பு என்னோடது. பாட்டில் எந்த ஊருதுன்னு கேட்டிருக்கணும். கேக்கல." இரண்டு கணக்கையும் விளக்கிச் சொன்னேன். அந்தப் பத்துக் கோட்டில் என்ன இருக்கிறது என்பதையும், அது என்ன செய்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அழுதுவிட்டேன்.

அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு அந்த மருந்தை வாசலுக்குப் போய்ச் சேற்றில் பீச்சிவிட்டு வந்தாள்.

டாக்டரம்மா பிள்ளையின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். பத்து யூனிட் போடலாம் என்றார். ஆரஞ்சு மூடி ஊசி எங்களிடம் இல்லாததால், ஐஸ் பெட்டியிலிருந்து நம்மூர் இன்சுலின் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நானே போட வேண்டும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. புது ஊசியைப் பிரித்து, பிள்ளை பக்கத்தில் மண்டியிட்டேன்.

அந்தப் பெண்ணின் கை என் கையைப் பிடித்து நிறுத்தியது.

"மொதல்ல பாட்டிலக் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், லேபிளில் நாற்பதைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஊசியை வாங்கி அதிலும் நாற்பதைத் தேடினாள். இரண்டையும் மகள் கையில் கொடுத்தாள். பிள்ளை விழுந்த பல் வழியாகக் காற்றுவிட்டு எழுத்துக்கூட்டி வாசிக்க, நான் தரையில் மண்டியிட்டபடியே காத்திருந்தேன்.