முன்கூட்டியே எழுதிய இரங்கல்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குச் சித்திரகுப்தன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. பிரபலங்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்கு இரங்கல் கட்டுரை எழுதி வைப்பதுதான் இருபத்தாறு வருடங்களாக அவர் பிழைப்பு. ஒரு பந்தாட்டக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்று காதில் விழுந்தால் போதும், ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். "என்னய்யா, ஆள் ரெடியா?" பிறந்த தேதி, போட்ட கோல், வாங்கிய கோப்பை, பெற்ற பிள்ளைகள் எல்லாம் கோப்பில் தயாராக இருக்கும். இறந்த நாளும் வயதும் மட்டும் காலி.

சின்ன வயதில் சுவரில் படம் ஒட்டிக் கும்பிட்ட ஓட்டக்காரர் செத்தபோதுகூட அவருக்குக் கண் கலங்கவில்லை. எழுதும்போதே அழுது முடித்தாயிற்று, அதுவும் நாலு வருடத்துக்கு முன்னால். அப்புறம் என்ன அழுகை? அலுப்புதான். சை, என்ன பிழைப்பு இது!

மனைவிக்கு இந்த வேலை ஆகவே ஆகாது. "உசுரோட இருக்கிற மனுஷனுக்கு நாள் குறிக்கிறீங்க" என்பாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். பக்கத்துக் கட்டில்காரியின் ரேடியோவில் ஒரு பாடகரின் குரலைக் கேட்ட பிறகுதான் பயம் விட்டது என்று இன்றைக்கும் சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் கணவர் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "ஊர்ல யாருக்கு வேணும்னாலும் எழுதிக்கோங்க. அவருக்கு மட்டும் எழுதி வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினார்.

சத்தியம் மூன்று வருடம் தாங்கியது. பாடகருக்கு மூச்சுத் திணறல் வந்ததும் ஆசிரியர் பிடித்துக்கொண்டார். "பொண்டாட்டி சொன்னான்னு பக்கத்தைக் காலியா விடுவியா?" எழுதினார். அவர் எழுதியதிலேயே அதுதான் உசத்தி. வீட்டில் அவள் சொல்லிச் சொல்லி, அந்த மனிதரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பாடகர் பிழைத்துக்கொண்டார். கோப்பு உள்ளே போயிற்று. அவளிடம் இவர் மூச்சு விடவில்லை.

நேற்று மாலை நாலரை மணிக்குப் பாடகர் போய்விட்டார். ஐந்தரைக்குப் பக்கம் முடிய வேண்டும். கோப்பை எடுத்தார், வயதைப் போட்டார், நாளைப் போட்டார், அனுப்பினார். வீட்டில் அவள் முகம் வீங்க அழுதுகொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு மறுபடியும் ஆபரேஷன். இந்த நேரத்தில் இப்படி அழலாமா என்று சொல்ல வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வாக்கைக் காப்பாத்தினீங்க. அதான் மனுஷன் இவ்வளவு நாள் இருந்தாரு."

அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

காலையில் பேப்பர் வந்தது. நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"மனைவியும் இரண்டு மகன்களும் உள்ளனர்னு போட்டிருக்கே?"

"ஆமா."

"பெரியவன்தான் போன வருஷமே போயிட்டானே. நான் ரெண்டு நாள் அழுதேன். நீங்கதானே சமாதானம் சொன்னீங்க?"

அவர் பேப்பரை எட்டிப் பார்த்தார். அச்சில் அப்படியேதான் இருந்தது. வயதைத் திருத்தியவர் பிள்ளைகளைத் திருத்த மறந்துவிட்டார். இருபத்தாறு வருடம் இதே வேலையில் குப்பை கொட்டியவர் இப்படியா கோட்டை விடுவார்? விட்டுவிட்டார்.

"எப்ப எழுதினீங்க?"

"மூணு வருஷம் ஆச்சு."

கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் தேவலை. பேப்பரை மடித்து மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்கும் எழுதி வச்சிருக்கீங்களா?"

"ஐயோ, என்ன பேச்சு இது! இல்லம்மா. சத்தியமா இல்ல."

அது உண்மை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எழுதிய மனிதர் அவளுக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. எழுத நினைத்ததுகூட இல்லை. அந்தச் 'சத்தியமா'வைக் கேட்டதும் அவள் கண் மேசையில் கிடந்த பேப்பருக்குப் போனது.

"சரி விடுங்க. எழுதியிருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.