கொண்டை ஊசி வளைவில் கொரகொரக்கும் ரேடியோ

கார் ரேடியோ ரிப்பேர் செய்கிறவனுக்கு முக்கால்வாசி வேலை ரேடியோவில் இருக்காது, பானெட்டுக்கு அடியில்தான் இருக்கும்.

பெட்ரோல் கார் வைத்திருந்து, அதில் ஆசையாக ரேடியோவும் மாட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாடகர் குரலை இழுக்கும் நேரத்தில் நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிப்பீர்கள். உடனே பாட்டின் மேல் யாரோ கடலை வறுப்பது போல ஒரு சத்தம் ஏறும். பிளக்கில் பொறி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி அலையை வீசுகிறது. சேலத்தில் நிலையம் பலமாகக் கேட்பதால் அந்த இரைச்சல் அடங்கிக் கிடக்கும். ஏற்காட்டு மலை ஏறினால் முகடுகளுக்குப் பின்னால் நிலையம் மங்கிவிடும், எஞ்சின் மட்டும் தெளிவாகப் பாடும். அதை அடக்க பிளக் ஒயரில் சப்ரஸர் என்று விரல் நீளத்தில் ஒரு குப்பி மாட்டுவோம், பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலுக்குப் பக்கத்தில் ஒரு கன்டென்சர் வைப்போம், பானெட்டுக்கு நல்ல எர்த் கொடுப்போம்.

எழுபதுகளில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழனியப்பன் அண்ணனின் கார் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூலை எனக்குக் கிடைத்தது. எஞ்சின் அவருடையது, ரேடியோ என்னுடையது. சத்தம் யாருடையது என்பதில்தான் எங்களுக்குள் தினமும் தகராறு.

ஏறும்போது இரைச்சல், இறங்கும்போது தேன்

டாக்ஸி ஓட்டும் சின்னசாமி ஒரு நாள் வந்து, "மேல வரையில ஒரே கொர்ருங்க. கீழ போகையில தேனாட்டம் கேக்குதுங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. மலை இறங்கினாலும் எஞ்சின் எஞ்சின்தானே? சேலத்தில் சாமான் வாங்கும் வேலையும் இருந்ததால் அவர் வண்டியிலேயே முன்னால் ஏறிக்கொண்டேன். பின்னால் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும்.

இரண்டு வளைவு தாண்டியதும் சின்னசாமி சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டார். ரேடியோவுக்கு நேரே பேட்டரியிலிருந்து ஒயர் என்பதால் அது நிற்கவில்லை. பாட்டு அப்படியே கண்ணாடி மாதிரி வந்தது. பின்னால் அந்தப் பெண் குழந்தையைத் தட்டிக்கொண்டே கூடப் பாடினாள். வண்டி தன் கனத்தில் உருண்டு வேகம் பிடித்தது. எஞ்சின் இழுத்துப் பிடிக்காததால் எல்லா பாரமும் பிரேக்கின் மேல். கொஞ்ச தூரத்தில் பிரேக் லைனிங் தீயும் வாசனை மூக்கில் ஏறியது. அடுத்த வளைவில் எதிரே பஸ். சின்னசாமி மிதித்தார், கால் தரைவரை போனது. மறுபடி மறுபடி மிதித்தார். கைப்பிரேக்கை நான் இரண்டு கையாலும் இழுத்தேன். சுவரை உரசிக்கொண்டு வண்டி நின்றது. பஸ் டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பிரேக் ஆறும்வரை அங்கேயே நிறுத்தி வைத்து, கியரில் போட்டு ஊர்ந்து இறங்கினோம். சேலத்தில் வாங்கிய முதல் சாமான் அவருக்கான சப்ரஸர்தான். மாட்டிய பிறகு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரி கேட்டது, பாட்டுக்காக எஞ்சினை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து ஏரிக்கரையில் என்னைப் பார்த்ததும் சின்னசாமி வண்டியை ஓரங்கட்டிச் சொன்னார்: "எறக்கத்துல கை தானா சாவிக்குப் போகுதுங்க. அப்பறந்தான் நெனப்பு வருது, எஞ்சின் ஓடிட்டேதான் பாடுதுன்னு."

முகூர்த்தமும் மெல்லிய ஒயரும்

பழனியப்பன் அண்ணனுக்கு சப்ரஸர் என்றாலே ஆகாது. "பொறிக்குக் கடிவாளம் போட்டா வண்டி எப்பிடி மேடு ஏறும்?" என்பார். நான் மாட்டியதை அவர் கழற்றுவதும், வாடிக்கைக்காரர் திரும்பி வந்ததும் நான் மறுபடி மாட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருடைய பெண்ணுக்குச் சேலத்தில் கல்யாணம். பெண்ணை அழைத்துப் போக எஸ்டேட் கார்தான். முந்தின நாள் அண்ணன் அந்தக் காரை சர்வீஸ் செய்து அனுப்பியிருந்தார். விடிந்ததும் பெண்ணும் பெற்றவர்களுமாகப் புறப்பட்ட கார், நல்லவேளை, எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரிலேயே வந்து மூச்சை நிறுத்திக்கொண்டது. ரைட்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏனுங்க, பத்து மணிக்குள்ள தாலி கட்டோணுங்க!"

அண்ணன் பானெட்டைத் திறந்ததும் என்னைத்தான் பார்த்தார். "உன் குப்பிதான் தம்பி, வேறென்ன?" என்று சப்ரஸர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டார். அப்படியும் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார். அதற்குள் நான் என் சட்டைப்பை டிரான்சிஸ்டரை மட்கார்டின் மேல் வைத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருப்பி, டிரைவரை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றச் சொன்னேன். சப்ரஸர்தான் இல்லையே, ஒவ்வொரு பொறிக்கும் ரேடியோ படபடவென்று அடிக்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. அப்படியானால் பொறியே பிறக்கவில்லை, பிளக்கைக் கழற்றி நேரத்தைக் கடத்தக் கூடாது. காயிலின் பின்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். மெல்லிய ஒயர் ஒன்று திருகிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அங்கேதான் அண்ணன் என் கன்டென்சரைக் கழற்றிவிட்டுத் திருகைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தார். மாட்டி முறுக்கியதும் எஞ்சின் எழுந்தது, மட்கார்டின் மேலிருந்த டிரான்சிஸ்டர் அலறியது. காருக்குள் பெண் அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது என்று மாலை பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். கடையைச் சாத்தும்போது பழனியப்பன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்: "அந்தச் சின்ன ரேடியோவ இங்கியே வெச்சுட்டுப் போ தம்பி, எஞ்சினுக்கு நாடி பாக்க ஆகும்."

அதன் பிறகு அவர் சப்ரஸரைக் கழற்றியதில்லை.

கிளியூர் திருப்பத்தில் மட்டும்

மலைக்கிராமங்களுக்குத் தானே கார் ஓட்டிப் போய் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவர் காரில் நான் ஏற்கெனவே எல்லாம் மாட்டியிருந்தேன். "எல்லா எடத்துலயும் நல்லா இருக்குங்க. கிளியூர் போற திருப்பத்துல மட்டும் ஸ்ஸுன்னு ஒரு சத்தம். இந்த வாரமாத்தான்" என்றார். ஒரு திருப்பத்தில் மட்டும் சத்தம் போடும் எஞ்சினை நானும் அண்ணனும் பார்த்ததில்லை. அடுத்த முறை அவர் போகும்போது கூடப் போனேன்.

மூடுபனி இறங்கியிருந்தது. திருப்பம் வந்ததும் அவர் சொன்ன சத்தம் வந்தது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். எஞ்சின் நின்றது, சத்தம் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்திருந்த டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தேன். ஒற்றையடிப் பாதைப் பக்கம் போகப் போகச் சத்தம் கூடியது. நிமிர்ந்து பார்த்தால், முந்தின வாரக் காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தின் கிளை கரண்டு கம்பியின் மேல் படுத்திருந்தது. நனைந்த பட்டை கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அந்த மரத்தில்தான் எஸ்டேட்டின் முள்கம்பி வேலியை ஆணி அடித்துக் கட்டியிருந்தார்கள். வேலியை ஒட்டித்தான் கிளியூர் ஆட்கள் நடக்கும் பாதை.

 டாக்டரம்மா காரைப் பாதைக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி நின்று, விறகுக்கட்டோடு வந்த பெண்களை மறித்தார். நான் மெயின் ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி டவுனுக்குச் சொல்லி அனுப்பினேன். லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தி, கிளையை வெட்டித் தள்ளும்வரை டாக்டரம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ரேடியோ சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம் என்று காத்திருந்தவர்களுக்குச் சொன்னேன். விறகுக்கட்டை மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டே ஒரு பெண் சொன்னாள்: "ரேடியோ எரைஞ்சா ஆபத்துங்கறீங்க. எங்கூட்டு ரேடியோ எந்நேரமும் எரையுதுங்க, அப்ப நாங்க இத்தன நாள் பொழச்சுக் கெடக்கறதே பெருசுங்க!"

எல்லாருக்கும் போட்டதை எனக்கும் போடு

செம்மநத்தத்து விவசாயி ஒருவர் புதிதாக டீசல் ஜீப் வாங்கி, ரேடியோவும் மாட்டிக்கொண்டு வந்தார். தனக்கும் சப்ரஸர் வேண்டும் என்றார். டீசல் வண்டியில் பிளக்கும் கிடையாது, பொறியும் கிடையாது, அதனால் அந்த இரைச்சலும் கிடையாது என்று சொன்னேன். ரேடியோவைப் போட்டும் காட்டினேன். சுத்தமாகப் பாடியது. அவர் முகம் வாடிவிட்டது. ஊரில் முதல் ஜீப் அவருடையது, பார்க்க வருகிறவர்களிடம் பானெட்டைத் திறந்து காட்ட ஒன்றுமே இல்லை என்றால் எப்படி? வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோவே இல்லீன்னாலும் ஒரு ஊசி போட்டு அனுப்பற டாக்டர்தானுங்க நல்ல டாக்டரு."

மானேஜரின் ஜீப் வருகிறது

நாகலூரில் காப்பிப் பழம் பறிக்கும் சீசன். ஒரு எஸ்டேட் மானேஜர் தன் பெட்ரோல் ஜீப்பின் ரேடியோவில் பாட்டே கேட்க முடியவில்லை என்று கொண்டுவந்தார். மலையில் நான் கேட்ட இரைச்சல்களில் அதுதான் மோசம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாம் மாட்டினேன். ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அடங்கியது. மானேஜர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவரே சிரித்துக்கொண்டு வந்தார். மத்தியானப் பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே ஜீப்பில் தோட்டத்துக்குள் போயிருக்கிறார். ஒரு வளைவில் திரும்பினால், பறிக்கிற பெண்கள் அத்தனை பேரும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மரக்கிளையில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்குகிறது. அதிலும் அதே பாட்டு. இரண்டு ரேடியோவும் ஒன்றாகப் பாடியதில் ஜீப் வந்து நின்றது ஒருவருக்கும் தெரியவில்லை. "பாட்டு முடியட்டும்னு நானும் உக்காந்துட்டேங்க. நல்ல பாட்டு" என்றார் மானேஜர். பிறகுதான் தொண்டையைக் கனைத்தாராம். கூடைகள் நாலா பக்கமும் உருண்டு ஓடினவாம். யார் மேலும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லை.

மீதிக் கதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. பறிக்கிற பெண்களில் மூத்தவள் மாரியாயி என்னைத் தேடிப் பிடித்தாள். இத்தனை வருஷமாக, மானேஜரின் ஜீப் மேடு ஏறும்போதே கிளையில் தொங்கும் டிரான்சிஸ்டர் கொரகொரவென்று அடிக்குமாம். அவருடைய எஞ்சின் வீசிய இரைச்சல் அவர்களுடைய ரேடியோவையும் எட்டியிருக்கிறது. சத்தம் கேட்டதும் எழுந்தால், ஜீப் வந்து சேர்வதற்குள் எல்லார் கையும் செடியில் இருக்கும். நான் ஜீப்பை அடக்கியதில் அந்த எச்சரிக்கை மணி நின்றுபோனது. அவளுக்குக் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. காய்கறிப் பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நியாயம் பேசுகிறவள் மாதிரிச் சொன்னாள்: "ஏனுங்க ரேடியோக்காரரே, அந்தக் கொரகொரப்ப மறுக்கா மாட்டி உட்டுருங்க. அவருக்கு நல்ல ஜீப்பு இருக்குது, நல்ல ஊடு இருக்குது, பாட்டு கொஞ்சம் எரைஞ்சாத்தான் என்னங்க?"

என் வேலை சரியாக இருந்தால் யார் காதிலும் ஒன்றும் விழாது என்பதால், இந்தத் தொழிலில் எனக்குப் பாராட்டு மங்கலாகவும் புகார் மட்டும் துல்லியமாகவும் கேட்டன.