அணிலையும் எழுதுங்க சார்

மலையணிலையும் வெண்கழுத்து நாரையையும் ஒப்பிட்டு ஓர் அரசு அதிகாரியின் முன்னால் நான் வாதாடியபோது எனக்கு எட்டு வயது. வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். விளைவு வேறு விஷயம்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் ரைட்டர். மழைக்கு முன்னால் அவருடைய பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்குத்தான் கம்பளி கிடைக்கும். பெயரை எழுதினால் ஏதாவது கிடைக்கும் என்பதே அன்று நான் அறிந்த ஒரே நிர்வாக விதி.

மரத்திலிருந்து குட்டியாக விழுந்த மலையணில் ஒன்று எங்கள் வீட்டில் வளர்ந்தது. காபிப் பழம் பறிக்கும் கூடையில் தூங்கும். என் மடியில் உட்கார்ந்து பலாச்சுளை தின்னும்.

ஒருநாள், கிளியூர் ஓடையில் இறக்கை ஒடிந்து கிடந்த நாரையை எஸ்டேட் ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். அதை எடுத்துப்போக வனத்துறை அதிகாரி ஜீப்பில் வந்தார். நாரையின் பெயரை எழுதிக்கொண்டார். உடனே அதற்கு மீன் வாங்கிவர ஆள் போனது. என் விதி சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு ஓடிக் கூடையோடு திரும்பினேன்.

"எங்க அணிலையும் எழுதுங்க சார். நாரைக்குக் காலு மட்டுந்தானுங்க நீளம். சேத்துல நின்னு தவளை திங்கும். இது மரத்துக்கு மரம் தாவுமுங்க. வாலப் பாருங்க, நொம்ப அழகு!"

அதிகாரி சிரித்தார். "ஏஞ் சாமி, எத்தன நாளா வெச்சிருக்கறீங்க?"

"நேத்துத்தான் கெடச்சதுங்க" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"இல்லீங்க சார், நாலு மாசமாச்சு! அப்பாதான் கூடை குடுத்தாரு."

அப்பாவின் முகம் வெளுத்தது. மலையணில் ஏற்கெனவே அதிகாரியின் பாதுகாக்கப்பட்ட விலங்குகள் பட்டியலில் இருந்தது. வீட்டில் வளர்ப்பது குற்றம். வழக்கு வந்தால் ரைட்டர் வேலையும் போகும்.

அதிகாரி அப்பாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு எழுதி, உரக்கப் படித்தார்: "நேற்று மரத்தடியில் கண்டெடுத்து, இன்று தாமாகவே முன்வந்து ஒப்படைத்தார்." தாளை அப்பாவிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க ரைட்டரே."

"பொய்யி! நாங் குடுக்கவே இல்லீங்க!"

அப்பா என் வாயைப் பொத்திக்கொண்டே கையெழுத்திட்டார். அணிலும் நாரையும் ஒரே ஜீப்பில் அடிவாரத்துக்கு இறங்கின.

பின்னாளில் அரசுப் பணியில் எத்தனையோ வாக்குமூலங்களைக் குறை கண்டு திருப்பியனுப்பியிருக்கிறேன். அன்று அப்பா கையெழுத்திட்டதை மட்டும் திருப்பியனுப்பியிருக்க மாட்டேன்.

ஜீப் வளைவில் மறையும்வரை அப்பா கைகூப்பி நின்றார். "மகராசன்" என்றார். என் அணிலையும் பிடுங்கிக்கொண்டு பொய்யும் எழுதிப்போன ஆளுக்குக் கும்பிடா? அப்பாவுக்கு ரோஷமே கிடையாது என்று அன்று முடிவுசெய்தேன்.