சரிவில் இறங்கிய நீல வண்டி

தெருவில் அவள் முகத்தைவிட அவள் கால்கள்தான் அதிகம் பேருக்குப் பழக்கம். எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பாள். எண்ணெய்க் கறை படிந்த இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். வேலை கொடுக்க வந்தவர்கள் அந்தப் பாதங்களிடம் பேசிவிட்டுப் போவார்கள். ஜாக்கி அக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் போன் எடுத்துப் பேச என்று பதினெட்டு வயதில் போய் உட்கார்ந்தவள், மூன்றாம் மாதமே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு எட்டு வயது. அவளைவிடப் பதினோரு வயது இளையவன். அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதும், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவள்தான். புருஷன் தையல்காரர், எந்நேரமும் தையல் மெஷின் மேல் குனிந்திருப்பார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிமிர்ந்தாத்தானே சண்டை போட முடியும்" என்பார்.

தம்பி வளர்ந்து பழைய கார் தரகன் ஆனான். வாய்ச்சாமர்த்தியம் உண்டு, சோம்பல் கிடையாது. ஆனால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வியாபாரம் அவனுக்கு அமைந்ததே இல்லை. அப்படி இருந்தவனுக்குத்தான் அந்தத் தகவல் கிடைத்தது. மூடிக்கிடந்த ஒரு சோப்புத் தொழிற்சாலையின் கிடங்கை, முதலாளியின் வாரிசுகள் முப்பத்தொரு வருடம் கழித்துத் திறந்திருந்தார்கள். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் ஏழு கார்கள். டயர்கள் சப்பையாகித் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றின் பின்சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. வாரிசுகளுக்கு இடம் காலியானால் போதும். விற்றுத்தரும் பொறுப்பைத் தம்பி வாங்கிக்கொண்டான். படம் எடுத்து இணையத்தில் போட்டான். 'மறந்துபோன ஏழு பழைய கார்கள். உள்ளது உள்ளபடி. ஞாயிறு காலை நேரில் வரவும்.' போன் ஓயவில்லை.

அக்கா இரண்டு வாரம் அங்கேயே கிடந்து நான்கு கார்களை உயிர்ப்பித்தாள். கிழிந்த சீட்டுகளுக்குப் புருஷன் உறை தைத்துக் கொடுத்தார். எல்லோருடைய கண்ணும் அந்த நீல வண்டியின் மேல்தான். வளைந்த முகப்பு, இரண்டு கதவு, கீறல் விழாத கண்ணாடி. அதன் பிரேக்கை அவள் முழுக்கப் புதிதாக்கினாள். வியாழக்கிழமை ஸ்டியரிங் பெட்டி பொருந்தியிருக்கும் இடத்தில் சந்தேகம் வந்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தாள். அது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குள் கைப்பிடிவரை இறங்கியது. துரு பொலபொலவென்று அவள் முகத்தில் கொட்டியது.

"இது ஓடற வண்டி இல்லடா. பெட்டி பிடுங்கிக்கிச்சுன்னா ஸ்டியரிங் ஒரு பக்கம் சுத்தும், சக்கரம் ஒரு பக்கம் போகும். வர்றவங்ககிட்ட சொல்லிடு."

"சரிக்கா" என்றான்.

ஞாயிறு காலை அவள் கிடங்குக்குள் நுழைந்தபோது தார் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. குனிந்து பார்த்தாள். துருப்பிடித்த இடத்தில் தகரம் வைத்து, பட்டி பூசி, கறுப்படித்திருந்தார்கள். விரலில் ஒட்டியது.

தம்பியை வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போனாள். "யாருடா இத பண்ணது?"

"மெதுவா பேசுக்கா. ஆளுங்க வந்துட்டாங்க."

"உள்ளது உள்ளபடின்னு எழுதினியே."

"இத வாங்கறவங்க ஓட்டவா போறாங்க? ஷெட்ல நிறுத்தித் தொடச்சுத் தொடச்சு வச்சுப்பாங்க. எனக்கும் முப்பத்தஞ்சு வயசாச்சுக்கா. இன்னிக்கு ஒரு நாள் வாயத் திறக்காத."

அவள் பதில் சொல்வதற்குள் பல் டாக்டர் ஒருவர் இரண்டு மகள்களோடு வந்துவிட்டார். பெரியவளுக்குப் பத்து வயது இருக்கும். பிள்ளைகள் இரண்டும் கேட்காமலே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டன. டாக்டர் முகப்பைத் தடவினார், குனிந்து அடியில் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"மெயின் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா?"

தம்பியின் முகம் வெளிறியது. "பேட்டரி கொஞ்சம்..." என்று இழுத்தான். அதற்குள் டாக்டர் சாவியைத் திருப்பிவிட்டார். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் கைவேலை. கிடங்கு வாசலிலிருந்து இறங்கும் சரிவு, கேட்டருகே வளைந்து மெயின் ரோட்டில் போய் முடியும். அங்கே லாரிகள் இடைவெளி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வாயைத் திறப்பான் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் போய் முகப்பின் மேல் கையை வைத்தாள்.

"டாக்டர், பிள்ளைங்களோட கொஞ்சம் இறங்குங்க. முதல்ல நானும் தம்பியும் ஒரு தடவ போயிட்டு வந்துடறோம்."

இறங்கினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுடா."

"அக்கா..."

"நல்ல வண்டிதானே? ஏறு."

அத்தனை பேர் பார்வையும் தன் மேல் இருக்க, அவன் ஏறினான்.

நடக்கும் வேகம்தான். அந்த வேகத்தில் கேட்டுவரை தாங்கும் என்பது அவள் கணக்கு. பாதிச் சரிவில் அவனாகவே நிறுத்தச் சொல்வான், திரும்பிப் போய் உண்மையைச் சொல்வான், அவ்வளவுதான் அவள் நினைத்தது. காலுக்கடியில் கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது. தம்பி டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்துக்கா."

"எதுக்கு?"

"தப்புதான். நிறுத்து."

பேச்சில் கவனிக்காமல் சரிவில் வேகம் ஏறியிருந்தது, வளைவும் வந்துவிட்டது. நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அடியில் எதுவோ பிளந்தது. ஸ்டியரிங் அவள் கையில் வெறுமனே சுற்றியது. வண்டி வளையாமல் நேரே ரோட்டைப் பார்த்துப் போனது. பிரேக்கை மிதித்தாள், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தாள். டயர்கள் சரளையில் தேய்ந்துகொண்டே போயின. முன்சக்கரங்கள் ரோட்டின் விளிம்பைத் தொட்டு வண்டி நின்றதும், ஒரு லாரி ஹாரனை அலறவிட்டபடி முகப்பை உரசாத குறையாகக் கடந்து போனது. அது கிளப்பிய காற்றில் வண்டியே ஆடியது.

தம்பி கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் சரிவில் ஏறிப் போனான். அவன் டாக்டர் முன்னால் நின்று பேசுவது தூரத்திலிருந்து தெரிந்தது. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. டாக்டர் இரண்டு மகள்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். அவர் பின்னால் பாதிப் பேர் போய்விட்டார்கள். நின்றவர்களுக்குத் தம்பி மற்ற ஆறு வண்டிகளின் குறைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். அன்று மூன்று விற்றன. மீதி மூன்றும் அடுத்த மாதங்களில் போயின.

நீல வண்டி, சித்தப்பாவுக்குப் பிறகு அவளுடையதாகிவிட்ட ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. இற்றுப்போன பகுதியை வெட்டியெடுத்து, கெட்டி இரும்பு வைத்துப் பற்றவைக்க எட்டு மாதம் ஆனது. அதுவரை தம்பி அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பண்டிகை, நல்ல நாள் எதற்கும் இல்லை. போன் செய்தால் மாமாவிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவான்.

வண்டி தயாரான செய்தி கேட்டு ஒரு நாள் மத்தியானம் வந்தான். குனிந்து புது இரும்பைத் தட்டிப் பார்த்தான். அவள் டீ கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்:

"வித்துப் போகலைன்னு எனக்குக் கோபம் இல்லக்கா. உடையும்னு தெரிஞ்சே என்னை ஏத்தினியே."

"நானும்தானேடா ஏறினேன்."

"அதத்தான் சொல்றேன். நீ போயிருந்தா எனக்கு யாரு இருக்கா?"

தாங்கும் என்று நினைத்தேன் என்பதைச் சொல்ல வாயெடுத்தாள். அவள் கணக்குத் தப்பியது அது ஒரு தடவைதான், தப்பியது தப்பியதுதான். சொல்லாமல் டம்ளரை வாங்கிக்கொண்டாள். தம்பி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பின்சக்கரத்தின் நட்டுகளை இறுக்க ஆரம்பித்தான். அடுத்த வாரம் அதைப் பார்க்க வருகிறவர் ஒரு பஸ் டிரைவர் என்றும், ஓட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார் என்றும், முன்சீட்டில் அவரோடு தானே போவதாகவும் சொன்னான்.